நானே வந்து கெஞ்சினாலும்

என் கையைப் பார்த்து நீங்கள் ஜன்னல் பக்கம் ஒதுங்க வேண்டியதில்லை தம்பி. ஒட்டிக்கொள்கிற வியாதி ஒன்றும் கிடையாது. கொசுக்கடி. அதுவும் தெருவில் திரிகிற கொசு இல்லை, படித்த கொசு. யுனிவர்சிட்டியில் பிறந்து, யுனிவர்சிட்டியிலேயே வளர்ந்து, வெளியுலகத்தைப் பார்க்காமல் அங்கேயே கண்ணை மூடுகிற கொசு. கடித்தால் வலிக்காது. அவ்வளவு மரியாதையாகக் கடிக்கும்.

நாகப்பட்டினம் வரைக்கும்தானே? நானும் அங்கேதான். திண்டுக்கல்லில் பஸ் ஏறி, திருச்சியில் மாறி வருகிறேன். என் மகள் அரசி அங்கே மெடிக்கல் காலேஜில் எம்.பி.பி.எஸ். முதல் வருஷம் படிக்கிறாள். வயது என்ன என்று கேட்பீர்கள். முப்பது. ஏன் சிரிக்கிறீர்கள்? சிரிக்கவில்லையா? சரி. எல்லோரும் சிரித்தார்கள், அதனால் கேட்டேன். தீபாவளிக்கு வீட்டுக்கு வரவில்லை. பொங்கலுக்காவது கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நானே கிளம்பிவிட்டேன். நான் வருவது அவளுக்குத் தெரியாது. வாங்கப்பா என்பாளா, ஏன் வந்தீங்க என்பாளா, ஒன்றும் தெரியாமல் ஒரு பையில் அதிரசத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இத்தனைக்கும் அவளை அந்த காலேஜில் கொண்டுபோய்ச் சேர்த்ததே என்னுடைய இந்தக் கைதான். அதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்?

நான் பிச்சைமுத்து. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்து புரோக்கர் பிச்சைமுத்து என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும். பழைய டூ வீலர் வாங்கி விற்கிறவன். பொய் சொல்லி ஒரு வண்டி விற்றதில்லை. ஆனால் வெறும் வண்டியை விற்றால் வாங்குகிறவனுக்கு என்ன சந்தோஷம்? அதனால் வண்டியோடு ஒரு கதையும் சேர்த்துக் கொடுப்பேன். இது ஒரு டீச்சரம்மா ஓட்டினது, பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் தவிர வேறெங்கேயும் போனதில்லை, அதனால் இன்றைக்கும் ஒயின் ஷாப் பக்கம் திருப்பினால் எஞ்சின் நின்றுவிடும் என்பேன். பிரேக் பிடிக்காத ஸ்கூட்டர் ஒன்றை ஒரு தாசில்தாருக்கு விற்றேன். சார், இது தானாக யோசித்து நிற்கிற வண்டி, நீங்கள் குறுக்கே புகுந்து குழப்பாதீர்கள் என்றேன். மனுஷன் பழனிக்கு ஓட்டிக்கொண்டு போனார். வழியில் ஒவ்வொரு கோயில் வாசலிலும் அது தானாக நின்றிருக்கிறது. திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கதை என்றால் அப்படி, கேட்டவனுக்கு நல்லது செய்ய வேண்டும். என் கதையால் கெட்டுப்போனவன் ஒருத்தன் இல்லை.

ஒரே ஒருவர் கையில்தான் என் கதை மாட்டிக்கொண்டது. அந்த ஞானசிகாமணி.

முதலிலிருந்து சொல்கிறேன். அரசி பிளஸ் டூவில் நல்ல மார்க். அப்போது இந்த நீட் எல்லாம் கிடையாது, மார்க்கை வைத்தே சீட்டு. தூத்துக்குடியில் டாக்டர் சீட்டு வந்தது. அவள் அம்மா தவறி அப்போதுதான் ஆறேழு மாதம். வீட்டில் நான் ஒற்றை ஆள். தூத்துக்குடி எங்கே, திண்டுக்கல் எங்கே? பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பி, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது? அவளுக்குத்தான் சொல்கிறேன், எனக்கு இல்லை. அதனால் நம்ம ஊர்க் காலேஜிலேயே விலங்கியல் சேர்த்துவிட்டேன். பதினொரு மணி இடைவேளைக்கு வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு வைத்துவிட்டுத் திரும்பலாம், அவ்வளவு வசதி. அவளும் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. பிடிக்காமல் இருந்தால் சொல்லியிருக்க மாட்டாளா? வாய் இல்லாத பெண்ணா அவள்?

பி.எஸ்ஸி. முடித்தாள், எம்.எஸ்ஸி. முடித்தாள், அப்புறம் ஒன்றிரண்டு வருஷம் கழித்து மதுரைப் பக்கம் ஒரு யுனிவர்சிட்டியில் பிஎச்.டி. சேர்ந்தாள். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்துவிடுவாள். அங்கே அவளுக்கு கைடு இந்த ஞானசிகாமணி. கைடு என்றால் தெரியுமோ? மாமியாரும் வாத்தியாரும் ஒரே சட்டைக்குள் இருந்தால் எப்படியிருக்கும், அது கைடு. ஆனால் இவர் நல்ல மனுஷன், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. என்ன கஷ்டம் என்றால், யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். நம்பினால் கடைசிவரைக்கும் நம்புவார். மணி என்ன சார் என்றால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், சுவரில் இருப்பதையும் பார்ப்பார், இரண்டுக்கும் இருக்கிற வித்தியாசத்தையும் சேர்த்துச் சொல்வார். அப்படிப்பட்டவரிடம் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்.

அவருடைய லேபில் கொசு வளர்க்கிறார்கள். டெங்கு பரப்புகிற ஜாதி, ஆனால் இவற்றுக்கு நோய் கிடையாது. வலைத்துணி போட்ட கூண்டு கூண்டாக வைத்திருக்கிறார்கள். தண்ணீர்த் தட்டில் புழு நெளியும், அதற்கு நாய் பிஸ்கட்டைப் பொடித்துப் போடுவார்கள். ஆண் கொசுவுக்குச் சர்க்கரைத் தண்ணீர் போதும். பெண் கொசுவுக்கு ரத்தம் வேண்டும், இல்லாவிட்டால் முட்டையிடாது, வம்சம் அழிந்துவிடும். முன்னால் ஒரு முயலை வைத்துக் கடிக்கவிட்டார்களாம். அப்புறம் முயலுக்கு வலிக்கும் என்று ஒரு கமிட்டி வந்து நிறுத்திவிட்டது. மனுஷனுக்கு அப்படிக் கமிட்டி எதுவும் இல்லை. அதனால் ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் வாராவாரம் கையைக் கூண்டுக்குள் விட்டுக்கொண்டு நிற்க வேண்டும். என் மகள் நாலு வருஷத்துக்கு மேல் நின்றாள். ஒரு கையைக் கூண்டில் விட்டுக்கொண்டு மறு கையால் புத்தகம் புரட்டுவாளாம். கடைசியில் அந்தக் கொசுக்கள் அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் வரிசையில் வந்து நிற்க ஆரம்பித்துவிட்டன. நான் சொல்லவில்லை, பார்த்தவர்கள் சொன்னது. பார்த்தவர்கள் யார் என்று கேட்காதீர்கள்.

நான் ஊர் முழுக்க அவள் பெருமையைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இன்னும் ஒரு வருஷத்தில் பட்டம் வந்துவிடும், உள்ளூர்க் காலேஜிலேயே வேலை வாங்கிவிடலாம் என்று இருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் பையைக் கழற்றி வைத்துவிட்டு, அப்பா, நான் பிஎச்.டி.யை விடறேன், நீட் எழுதப் போறேன் என்றாள். உப்புப் போட்டுக்கட்டுமா என்று கேட்கிற மாதிரி கேட்டாள். கேட்கக்கூட இல்லை, சொன்னாள்.

ஏன் என்று கேட்டால் அவள் சொன்ன காரணம் இது. காய்ச்சல் வந்த வீடுகளுக்குப் போய், தொட்டியிலும் டிரம்மிலும் கொசுப்புழு எத்தனை இருக்கிறது என்று எண்ணுவது அவள் வேலை. வாடிப்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் நாலைந்து வயதுப் பிள்ளை காய்ச்சலில் கிடந்திருக்கிறது. இவள் வெள்ளைக் கோட்டோடு உள்ளே நுழைந்ததும் அந்தத் தாய் ஓடி வந்து பிள்ளையைத் தூக்கி இவள் மடியிலேயே போட்டுவிட்டாள். நான் தண்ணித் தொட்டி பாக்க வந்தவங்க என்று இவள் சொல்லியிருக்கிறாள். அதுக்கு அப்புறம் பிள்ளையப் பாப்பீங்களா என்று அவள் கேட்டிருக்கிறாள். இவள் தொட்டியைப் பார்த்தாள், புழுவை எண்ணினாள், எழுதிக்கொண்டாள். மறுவாரம் திரும்ப எண்ணப் போனபோது தொட்டி இருந்தது, பிள்ளை இல்லை.

பாவம்தான். யார் இல்லையென்றது? ஆனால் ஊரில் தினமும் நடப்பது இது. இதற்காக ஒருத்தி ஐந்து வருஷத்தைத் தூக்கி எறிவாளா, நீங்களே சொல்லுங்கள். நான் அவளிடம் சண்டை போடவில்லை. தொழில்காரன் நேருக்கு நேர் சண்டை போட மாட்டான். மறுநாள் காலையில் ஒரு சீப்பு சிறுமலைப் பழம் வாங்கிக்கொண்டு ஞானசிகாமணி வீட்டுக்குப் போனேன்.

விஷயம் என்னவென்றால், அவர் தன்னிடம் சேருகிற பிள்ளைகளிடம் பத்தாம் வகுப்பிலிருந்து எல்லா ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டும் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். பத்திரமா இருக்கட்டும் என்பார். நடுவில் ஓடிப் போகாமல் இருக்கட்டும் என்று அர்த்தம். அந்த ஒரிஜினல் இல்லாமல் எந்த மெடிக்கல் காலேஜும் உள்ளே விடாது. எனக்கு அது போதும். சார், அரசி வந்து கேட்டால் கொடுக்காதீர்கள், கொஞ்ச நாள் இழுத்தடியுங்கள் என்றேன். அவர் யோசித்தார். அவ சர்ட்டிபிகேட் அவ கேட்டா குடுத்துடணும்ங்க ஐயா, அது தப்பில்லையா என்றார். நியாயமான மனுஷன், சட்டென்று ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். அப்போதுதான் வெறும் வண்டியாகக் கொடுத்தால் ஓடாது என்று எனக்குத் தெரிந்தது.

கதை எடுத்துவிட்டேன். அவள் அம்மா போனதிலிருந்து அரசிக்கு அவ்வப்போது இப்படி ஒரு வேகம் வரும் சார், ஆறு மாதம் ஆட்டும், தானாக இறங்கிவிடும் என்றேன். ஒரு தடவை சாமியாராகப் போகிறேன் என்று குற்றாலம் வரைக்கும் போய்விட்டாள், அருவிக்குப் பின்னாலிருந்து நான்தான் பிடித்து இழுத்து வந்தேன், காவித் துணிகூட வாங்கி வைத்திருந்தாள் என்றேன். அவர் கண்ணில் தண்ணீர். எனக்கும் வந்துவிட்டது, கதை அவ்வளவு நன்றாக அமைந்திருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கதை நன்றாகப் போகும்போது எவனால் நிறுத்த முடிகிறது? அந்த வேகத்தில் அவள் எதை வேண்டுமானாலும் செய்வாள் சார், என்னையே மிரட்டி உங்களிடம் அனுப்புவாள், நானே வந்து கெஞ்சினாலும் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் எழுந்து நின்று என் தோளைத் தொட்டு, குடுக்க மாட்டேன்ங்க ஐயா, இது என் வாக்கு என்றார்.

மனம் குளிர்ந்து வீட்டுக்கு வந்தேன்.

சீட்டு கிடைக்கிற வரைக்கும் லேபுக்கும் போய்க்கொண்டு, அவள் பாட்டுக்குப் படித்தாள். பஸ்ஸில் படித்தாள், அடுப்பங்கரையில் படித்தாள், எனக்குத் தோசை வார்த்துக்கொண்டே எலும்புக்கெல்லாம் பெயர் சொல்லிக்கொண்டிருந்தாள். படிக்கட்டும், சர்ட்டிபிகேட் இல்லாமல் எங்கே போய்விடுவாள் என்று நானும் விட்டுவிட்டேன். பரீட்சை அன்றைக்குத் துணைக்குப் போனேன். வாசலில் ஒரு போலீஸ்காரம்மா, பேரன்ட்ஸெல்லாம் கேட்டுக்கு வெளியில நில்லுங்க என்று இவளைப் பிடித்து நிறுத்திவிட்டாள். அரசி ஹால் டிக்கெட்டைக் காட்டினாள். சுற்றி நின்ற பிள்ளைகளெல்லாம் பதினேழு, பதினெட்டு. ஒரு பையன் இவளைப் பார்த்து, மிஸ், பேனா உள்ளேயே தருவாங்களா என்று கேட்டான். தருவாங்கடா, போ என்று அவனை முன்னால் அனுப்பிவிட்டுத் தான் பின்னால் போனாள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. பக்கத்தில் நின்ற பெற்றோர்கள் யார் உங்க பொண்ணா என்று கேட்டபோது, கொஸ்டின் பேப்பர் தயாரித்ததே அவள்தான், சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறாள் என்று சொல்லிவைத்தேன். உடனே நாலு பேர் எனக்கு மோர் வாங்கிக் கொடுத்தார்கள்.

ரிசல்ட் வந்தது. தம்பி, அவள் பாஸ். சும்மா பாஸ் இல்லை, கவர்ன்மென்ட் சீட்டு நிச்சயம் என்கிற மாதிரி மார்க். எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். காலையில் பேப்பர் போடுகிறவனிடம் ஆரம்பித்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன். எழுநூற்று முப்பது மார்க் என்றேன். பூக்கடைக்காரர் மகன் குறுக்கே வந்து, தாத்தா, மொத்தமே எழுநூத்து இருபதுதான் என்றான். அது உன் வயசுக்காரங்களுக்குடா, வயசுக்கு ஏத்த மாதிரி மேல கொஞ்சம் போடுவாங்க என்று அனுப்பினேன். சாயங்காலம் மெக்கானிக் சங்கத்துக்காரர்கள் வீட்டுக்கு வந்து மாலையே போட்டுவிட்டார்கள். நீங்க ஒத்த ஆளா நின்னு ஆளாக்கிட்டீங்கண்ணே என்றார்கள். அப்படி மாலையைப் போட்டுக்கொண்ட பிறகு சீட்டு இல்லையென்றால் அந்தத் தெருவில் நான் நடக்க முடியுமா?

அவள் சர்ட்டிபிகேட் கேட்டு ஞானசிகாமணியிடம் போனாள். கொஞ்சம் பொறும்மா என்றார். மறுபடி போனாள். நல்லா சாப்பிடறியாம்மா, நல்லா தூங்கறியாம்மா என்று கேட்டாராம். மூன்றாம் தடவை போய்விட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் அம்மா போனபோதுகூட அப்படி அழவில்லை. நான் என்னப்பா தப்பு செஞ்சேன் அந்த மனுஷனுக்கு, ஏம்ப்பா குடுக்க மாட்டேங்கறார் என்று கேட்டாள். கலந்தாய்வுக்கு ஒரிஜினல் காட்டியாக வேண்டும், நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது.

எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள். ஒரு பெண் பிள்ளையின் வாழ்க்கையை இப்படியா ஒரு மனுஷன் பூட்டி வைப்பான்? நேராகக் கிளம்பிப் போனேன். சார், சர்ட்டிபிகேட்டைக் கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர் என்னை உட்காரவைத்தார், தண்ணீர் கொடுத்தார், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ரொம்ப மெதுவாக, அனுப்பிட்டாளா என்றார்.

யாரும் அனுப்பவில்லை, நானாக வந்தேன் என்றேன். அப்படித்தான் சொல்லுவீங்கன்னு தெரியும் என்றார். சார், அன்றைக்கு நான் சொன்னது ஒரு பேச்சுக்கு, அதை விட்டுவிடுங்கள் என்றேன். நீங்களே வந்து கெஞ்சினாலும் குடுக்காதீங்கன்னு நீங்கதான சொன்னீங்க ஐயா, நான் வாக்குக் குடுத்திருக்கேனே என்றார். குற்றாலமும் கிடையாது, காவித்துணியும் கிடையாது, எல்லாம் நானாகச் சொன்னது என்றேன். பாவம், எந்த அளவுக்கு மிரட்டி வச்சிருக்கா என்று அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். நான் உண்மையைச் சொல்லச் சொல்ல அவர் கதையை இன்னும் கெட்டியாக நம்புகிறார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு கிராக்கியைப் பார்த்ததில்லை. ஒரு மனுஷன் ஏதோ தகப்பன் பாசத்தில் ஒரு வார்த்தை சொன்னால் அதை இப்படியா பிடித்துக்கொண்டு தொங்குவது? நீங்களே சொல்லுங்கள் தம்பி, தப்பு யார் மேல்?

கடைசியில் உண்மை வேலைக்கு ஆகாது என்று தெரிந்து வியாபாரத்துக்கு இறங்கினேன். சார், அவளுக்கு வேகம் இருக்கிறதா இல்லையா என்று ஒரு மாதம் பார்ப்போம், அவள் வீட்டிலேயே ஓய்வாக இருக்கட்டும் என்றேன். அவர், அப்ப காலனிக்கு யாரு ரத்தம் குடுப்பா என்றார். காலனி என்றால் அந்தக் கொசுக் கூட்டம். இருந்த இன்னொரு பிள்ளை கல்யாணமாகிப் போய்விட்டதாம், புதுப் பிள்ளை இனிமேல்தான் சேர வேண்டும். நான் தருகிறேன் என்று சட்டைக் கையை மடித்துவிட்டேன். அவருக்குச் சந்தோஷம். புதுசா ஆள் வந்து பழகற வரைக்கும் வரணும் என்றார். சரியென்று வாக்குக் கொடுத்தேன். ஆண்டு அனுபவித்த சம்சாரி நான், இந்த வயதில் போய்க் கொசுவுக்குக் கை நீட்டினேன்.

முதல் நாள் கையை விட்டதும் மொய்த்துக்கொண்டன பாருங்கள், கறுப்புக் கையுறை போட்ட மாதிரி ஆகிவிட்டது. கால் மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும், அசைந்தால் பாதி வயிற்றோடு பறந்துவிடுமாம். அரசி ரத்தம் குடித்து வளர்ந்த கூட்டம்தானே, என் ரத்தமும் அதே ருசிதானே, மாமன் வீட்டுக்கு வந்த மாதிரி உட்கார்ந்து குடித்தன. அந்த வாரம் போட்ட முட்டையைப் பார்த்து ஞானசிகாமணியே அசந்துபோய்விட்டார். கடுகு வியாபாரி மூட்டையைக் கொட்டின மாதிரி இருந்தது. இரண்டு கொசு குடித்த போதையில் பறக்க முடியாமல் நடந்தே கூண்டைச் சுற்றி வந்தன. நீங்கள் நம்ப வேண்டாம், கையைப் பாருங்கள், போதும்.

அரசியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. சார்கிட்ட பேசிட்டேன், கொடுத்துவிடுவார் என்று மட்டும் சொன்னேன். கையைப் பார்த்து என்னப்பா இது என்றாள். சாக்கடைப் பக்கம் நின்று ஒரு வண்டி பேசினேன் என்றேன். அவளுக்குத் தெரியாதா கொசுக்கடி? எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். அன்றைக்கு ராத்திரி என் தட்டில் இரண்டாவது தடவை சோறு அவளாகவே வைத்தாள். அந்தச் சந்தோஷத்திலேயே இன்னும் ஒரு மாதம் கடிபட்டிருப்பேன்.

மாதம் முடிந்ததும், கலந்தாய்வுக்கு நாலு நாள் இருக்கும்போது, அவளையும் கூட்டிக்கொண்டு அவர் ரூமுக்குப் போனேன். பீரோவைத் திறந்து உறையை எடுத்து மேஜை மேல் வைத்தார். எடுத்துக்கோம்மா என்று சொல்லியிருந்தால் வேலை முடிந்தது. அந்த மனுஷனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. நல்லது செய்கிறோம் என்று நினைத்துவிட்டார்.

"உங்கப்பா கையப் பாத்தியாம்மா? உனக்காக எத்தனை கடி வாங்கியிருக்கார். அன்னைக்கு அவர் வந்து குடுக்காதீங்க சார்னு சொன்னதுகூட உன் மேல இருந்த பயத்துலதான். குத்தாலத்துல உன்னைப் பிடிச்சு இழுத்துட்டு வந்ததைச் சொல்றப்ப நானே அழுதுட்டேன்."

அவள் உறையைத் தொடப் போன கையை அப்படியே வைத்துக்கொண்டாள்.

"அப்பா எப்ப சார் வந்து சொன்னாங்க?" என்றாள்.

அவர்தான் எதையும் விடாமல் சொல்கிறவர் ஆயிற்றே. நீ நீட் எழுதப் போறேன்னு சொன்ன மறுநாளே என்றார். சிறுமலைப் பழம் வாங்கிவந்ததைச் சொன்னார். காவித்துணியைச் சொன்னார். நானே வந்து கெஞ்சினாலும் என்று நான் சொன்னதை என் குரலிலேயே சொல்லிக்காட்டினார். நான் மேஜை மேலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள், சார் எதிரிலேயே கத்துவாள் என்று தயாராக இருந்தேன். பார்க்கவில்லை.

"ஆமா சார். அப்ப அப்படித்தான் இருந்தேன். இப்ப சரியாயிடுச்சு," என்றாள்.

உறையை எடுத்துக்கொண்டாள், அவரைக் கும்பிட்டாள், வெளியே நடந்தாள். தம்பி, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. பிறந்ததிலிருந்து ஒரு பொய் சொல்லாத பெண், சுற்றி வளைத்து ஒரு நொடியில் எப்படிச் சமாளித்தாள் பாருங்கள். என் ரத்தம் வேறு எங்கே போகும் என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அதையே அவளிடம் சொன்னேன். நல்லா அடிச்சுவிட்டடி, உன் அப்பனையே தோற்கடிச்சுட்ட என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கொடைரோடு தாண்டினபோது ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"தூத்துக்குடி சீட்டு வந்தப்ப, ஹாஸ்டல்ல இடம் இல்லைன்னு லெட்டர் வந்ததா சொன்னீங்களே. அது வந்துச்சாப்பா?"

பதிமூன்று வருஷத்துக்கு முந்தின சங்கதி. யாருக்கு ஞாபகம் இருக்கிறது? வந்திருக்கும் என்றேன். வந்திருக்கும் என்றுதான் சொன்னேன், வந்தது என்று சொல்லவில்லை. நான் பொய் சொல்கிறவன் இல்லை.

அப்புறம் கலந்தாய்வு. எல்லாம் கம்ப்யூட்டரில் அவளே செய்தாள். எங்கள் திண்டுக்கல்லிலேயே கவர்ன்மென்ட் மெடிக்கல் காலேஜ் இருக்கிறது. அவள் மார்க்குக்குக் கண்ணை மூடிக்கொண்டு கிடைக்கும். காலையில் டவுன் பஸ்ஸில் போய் சாயங்காலம் வந்துவிடலாம், முன்னைப்போல இருக்கலாம் என்று மாடியில் அவளுக்கு ஒரு ரூம்கூட வெள்ளையடித்து வைத்தேன். ஒரு நாள் வந்து, நாகப்பட்டினம் கிடைச்சிருக்குப்பா, திங்கக்கிழமை கிளம்பறேன் என்றாள். ஏன், நம்ம ஊர் கிடைக்கவில்லையா என்றேன்.

"நான் அதைக் கேக்கவே இல்லப்பா," என்றாள்.

அவ்வளவுதான். கோபம் இல்லை, கத்தல் இல்லை. கிளம்புகிற அன்றைக்குத் தோசை மாவு அரைத்து வைத்தாள், காஸ் பதிந்து வைத்தாள், என் பிரஷர் மாத்திரையைக் காலை மாலை என்று பிரித்துக் கொடுத்தாள். பஸ் ஏற்றிவிட வந்தவனிடம், நீங்க போங்கப்பா, வெயிலா இருக்கு என்றாள். நாகப்பட்டினத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள் தம்பி. திண்டுக்கல்லில் இல்லாத எலும்பா அங்கே இருக்கிறது? எல்லாம் அந்த ஞானசிகாமணியால் வந்தது. வாயை மூடிக்கொண்டு உறையைக் கொடுத்திருந்தால் இன்றைக்கு அவள் என் வீட்டு மாடியில் படித்துக்கொண்டிருப்பாள். நல்ல மனுஷன் என்று நான் இன்னமும் வாராவாரம் போய் அவருக்குக் கை நீட்டிக்கொண்டிருக்கிறேன். புதுப் பிள்ளைக்கு ஒரு கொசு கடித்தால் கையே வீங்கிவிடுகிறதாம். சாரிடம் பேச்சு வாக்கில் அரசி எப்படி இருக்கிறாள், ஏதாவது எழுதினாளா என்று கேட்டுக்கொள்ளலாம், அதற்காகவும்தான். அவருக்குப் புத்தாண்டு வாழ்த்து அனுப்பியிருந்தாளாம்.

திருவாரூர் தாண்டிவிட்டதா? அப்படியென்றால் நெருங்கிவிட்டோம்.

தம்பி, உங்கள் போனைக் கொஞ்சம் கொடுக்க முடியுமா? என்னுடையதில் சார்ஜ் இருக்கிறது. என் நம்பரிலிருந்து அடித்தால் அவளுக்கு டவர் கிடைப்பதில்லை, அதுதான். கிளாஸில் இருப்பாள், ஆஸ்பத்திரியில் இருப்பாள். புது நம்பர் என்றால் எடுத்துவிடுவாள். நம்பர் சொல்கிறேன், நீங்களே போடுங்கள். நீங்களே பேசுங்கள். நான் பேசினால் வைத்துவிடுவாள், சிக்னல் அப்படி.

என்ன சொல்வீர்கள்? பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர் மயக்கமாக இருக்கிறார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உங்கள் பெயரையே சொல்கிறார் என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வந்துவிடுவாள். வெள்ளைக் கோட்டோடு வருவாள். இல்லையென்றால் இந்தக் கைக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது, நடுங்குகிறது என்று...

வேண்டாம். இருங்கள், போட்டுவிட்டீர்களா? அதெல்லாம் சொல்லாதீர்கள். உங்கப்பா வர்றார், பஸ்ஸுல இருக்கார் என்று மட்டும் சொல்லுங்கள். அவ்வளவுதான். மேலே ஒரு வார்த்தை சேர்க்காதீர்கள்.

எடுத்துவிட்டாளா? சொல்லுங்கள், சொல்லுங்கள்.

என்ன கேட்கிறாள்? நிஜமாகவே பக்கத்தில் இருக்கிறாரா என்றா? நல்லா இருக்காரா என்றா? என்னைப் பார்த்துக்கொண்டு ஏன் முழிக்கிறீர்கள் தம்பி? நான் சொல்லிக்கொடுத்து நீங்கள் சொல்ல வேண்டாம். அதை நம்ப மாட்டாள். என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, நீங்களாகச் சொல்லுங்கள்.